தலைமுழுக்கு

பண்டிகை நாளில் எங்கள் அப்பா கோபப்பட மாட்டார். வருஷத்தின் மற்ற நாட்களில் அதற்கு வட்டியோடு ஈடுகட்டிவிடுவார் என்பது வேறு விஷயம். ஆனால் அந்த ஒரு நாள், பால் பொங்கி அடுப்பு அணைந்தாலும் சரி, அண்ணன் புதுச்சட்டையில் மையைக் கொட்டிக்கொண்டாலும் சரி, "விடு, நல்ல நாளும் அதுவுமா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதனால் சின்ன வயதில் அண்ணனும் நானும் எங்கள் தப்புகளைப் பண்டிகைக்கென்று சேர்த்து வைப்போம். உடைந்த கண்ணாடி, குறைந்த மதிப்பெண், தொலைந்த சைக்கிள் சாவி எல்லாம் அன்றைக்குத்தான் பலகாரத் தட்டோடு சேர்ந்து அப்பா முன்னால் வரும்.

இந்த முறை நான் சேர்த்து வைத்திருந்தது ஒரு கல்யாணம்.

நாற்பது நாளைக்கு முன்னால், வேலைக்கு நடுவே கிடைத்த மதிய இடைவேளையில், நான் வேலை பார்க்கும் இந்த வெளிநாட்டு ஊரின் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டேன். மாப்பிள்ளை நகரப் பேருந்து ஓட்டுகிறார். தினமும் காலையில் அவர் வண்டியில்தான் வேலைக்குப் போவேன். தோழிகளிடம் பேசும்போது 'பஸ்காரர்' என்று சொல்லிச் சொல்லி, இப்போது வீட்டிலும் அவருக்கு அதுதான் பெயர். நல்ல மனுஷர். தமிழ் பேசுபவர்தான். ஆனால் நம்ம ஆளுங்க இல்லை. எங்கள் வீட்டில் 'நம்ம ஆளுங்க இல்லை' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. சம்பளம், குணம், படிப்பு எதைக் கொண்டுபோய் எதிரே வைத்தாலும் எடுபடாது.

அதனால் திட்டம் போட்டிருந்தேன். பண்டிகைக் காலையில் முதல் விளக்கு அப்பா ஏற்றுவார். அதைப் படம் எடுத்து அண்ணன் குடும்பக் குழுவில் போடுவான். அந்தப் படம் வந்த பிறகுதான் மற்ற வீடுகளில் விளக்கேற்றுவோம். பெரியப்பா வீடு, அத்தை வீடு, கடல் தாண்டி இருக்கும் என் வீடு, எல்லாவற்றுக்கும் இதுதான் முறை. விளக்கேற்றியதும் அப்பா ஒவ்வொரு வீடாக முகம் பார்த்துப் பேசுவார். என் முறை வரும்போது பஸ்காரரைப் பக்கத்தில் நிறுத்தி, "அப்பா, இவர்தான்" என்று சொல்லிவிட வேண்டியது. நல்ல நாளும் அதுவுமாக என்ன செய்துவிடுவார்? விஷயம் தெரிந்த ஒரே ஆள் அண்ணி. பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள், யாரிடமும் மூச்சு விட மாட்டேன் என்று.

காலை ஆறரை மணி. ஊரில் எங்களைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். தலை முழுக்க எண்ணெய் வைத்துக்கொண்டு, பழைய துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சமையலறையில் நின்றிருந்தேன். எண்ணெய் காதோரம் வழிந்துகொண்டிருந்தது. பஸ்காரர் விடுப்பு எடுத்திருந்தார். ஸ்டியரிங் பிடிக்கிற கை, வடை தட்டத் தெரியாமல் தட்டிக்கொண்டிருந்தது.

"ஓட்டை நடுவுல வரணும்ங்க. ஓரத்துல இல்ல."

"எங்க வந்தாலும் எண்ணெய்க்குத் தெரியுமா?"

"எங்கப்பாவுக்குத் தெரியும். இன்னிக்கு உங்கள பாக்கப்போறாரு. வடையோட சேத்துத்தான் பாப்பாரு."

கைப்பேசி மேடையில் அதிர்ந்தது. விளக்குப் படம் என்று நினைத்து, எண்ணெய் படாமல் சுண்டுவிரலால் திறந்தேன். படம் இல்லை. அண்ணனிடமிருந்து இரண்டு வரி.

'இந்த வருஷம் நமக்குப் பண்டிகை இல்லை. நம்ம குடும்பத்துல யாரும் விளக்கேத்த வேண்டாம்.'

இதைத் தமிழ் வீட்டில் பிறந்த யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பண்டிகை இல்லை என்றால் சாவு. வேறு அர்த்தம் கிடையாது. மழை பெய்தாலும், கடன் நெரித்தாலும், உடம்பு முடியாமல் படுத்திருந்தாலும் பண்டிகை உண்டு, சின்னதாகவாவது உண்டு. ஆள் போனால் மட்டும்தான் இல்லை. அப்போதும் செத்துப்போனார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நமக்குப் பண்டிகை இல்லை என்பார்கள். கேட்டவர்கள் "அடடா, யாரு?" என்பார்கள்.

கைப்பேசியைப் பஸ்காரர் முகத்துக்கு நேரே நீட்டினேன். படித்தார். அடுப்பை அணைத்தார். எண்ணெயில் பாதி வெந்த வடைகள் சத்தம் அடங்கி மிதந்தன.

"யாரு?" என்றார்.

"போடல."

அண்ணனை அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. அண்ணியை அழைத்தேன். அதுவும் அப்படியே. அப்பாவுடையது பட்டன் வைத்த பழைய போன்; மூன்றாவது மணியில் யாரோ அழுத்தித் துண்டித்தார்கள். அம்மாவின் எண்ணைக் கடைசியாகத்தான் போட்டேன். பயந்துகொண்டே போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

அம்மாவுக்கு இரண்டு வருஷம் முன்னால் நெஞ்சில் அடைப்பு எடுத்துக் குழாய் வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து போனை அணைப்பதே இல்லை. குளிக்கப் போனால்கூடக் குளியலறை வாசலில் முக்காலி போட்டு அதன்மேல் வைத்துவிட்டுப் போகிற ஆள். மூன்று நாளாக அம்மாவோடு நான் பேசவில்லை. கூப்பிட்டபோதெல்லாம் அண்ணி எடுத்து, "அத்தை தூங்குறாங்க" என்றாள். மூன்று நாளாகவா ஒருத்தி தூங்குவாள்? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். வடைக்கு உளுந்து எவ்வளவு ஊறப்போடுவது என்ற யோசனையில் இருந்துவிட்டேன்.

குழுவில் எழுதினேன்: 'அண்ணா, யாருக்கு என்ன ஆச்சு?' எண்ணெய்க் கையால் எழுதி, திரை வழுக்கி, இரண்டு முறை தப்பாகப் போய், மூன்றாவது முறை சரியாகப் போயிற்று. ஒவ்வொருவராகப் படிப்பது தெரிந்தது. பெரியப்பா மகன் படித்தான். அத்தை படித்தாள். அண்ணன் படித்தான். யாரும் ஒரு எழுத்து எழுதவில்லை. 'அம்மாவா?' என்று கேட்டேன். அதையும் படித்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்து ஒரு வரி வந்தது. என்னைக் குழுவிலிருந்து அண்ணன் நீக்கிவிட்டானாம்.

"கை பட்டு நீக்கியிருப்பாரு" என்றார் பஸ்காரர்.

"கை பட்டா எல்லாம் நீக்க முடியாதுங்க. ரெண்டு தடவ கேக்கும், நிச்சயமாவான்னு."

கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுத் தையல் அக்கா. பட்டுச்சேலை, நெற்றி நிறையக் குங்குமம், கையில் பாயசத் தூக்கு. இந்தக் கட்டடத்தில் தமிழ் பேசுகிற இன்னொரு வீடு அவர்களுடையதுதான். என் ரவிக்கையெல்லாம் அவர் தைத்ததுதான். பண்டிகைக்குப் பாயசம் அவர் வீட்டில், வடை என் வீட்டில் என்று போன வாரமே பிரித்துக்கொண்டிருந்தோம்.

"என்ன, இன்னும் எண்ணெயோட நிக்கிற? என்ன ஆச்சு மூஞ்சி?"

"எங்களுக்குப் பண்டிகை இல்லக்கா."

தூக்கைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். இனிப்பை மறைக்கிற அந்தக் கையைப் பார்த்ததும்தான் எனக்கு முதல் அழுகை வந்தது.

"அடக் கடவுளே. யாரும்மா?"

"தெரியலக்கா."

"தெரியலன்னா?"

"சொல்ல மாட்டேங்கறாங்க. போன எடுக்க மாட்டேங்கறாங்க. குரூப்ல இருந்து தூக்கிட்டாங்க."

தையல் அக்கா தூக்கை வாசலுக்கு வெளியிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "இங்க பாரு, நான் சொல்றேன்னு பதறாத. தூரத்துல இருக்கறவங்ககிட்ட உடனே சொல்ல மாட்டாங்க. தனியா இருக்கா, துடிச்சுப்போயிடுவான்னு மறைப்பாங்க. எங்கப்பா போனது எனக்குப் பதினோராம் நாளுதான் தெரியும். அதுவரைக்கும் தூங்குறாரு, தூங்குறாருன்னே சொன்னாங்க."

தூங்குகிறார். பஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"முதல்ல தலையில எண்ணெயோட நிக்காத. தப்பு. போயி தலைக்குக் குளி" என்றார் அக்கா. "யாரா இருந்தாலும் செய்ய வேண்டியத செய்யணும்ல?"

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். வெந்நீர் போடவில்லை. துக்கக் குளியலுக்கு வெந்நீர் ஆகாது என்று அம்மாதான் சொல்லிக்கொடுத்தது. வாளியில் பச்சைத் தண்ணீரைப் பிடித்து அப்படியே தலையில் ஊற்றினேன். எண்ணெய் போகவில்லை. தண்ணீர் தலைமேல் நிற்காமல் ஓடிற்று. சீயக்காயைக் கரைத்து அரக்கித் தேய்த்தேன்.

அங்கே நின்று நான் நினைத்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பேரம் பேசினேன். அம்மாவாக இருக்கக் கூடாது என்றேன். பெரியப்பா மூன்று வருஷமாகப் படுக்கையில் இருக்கிறார், அவருக்கும் கஷ்டம், பார்க்கிறவர்களுக்கும் கஷ்டம், அவராக இருக்கட்டும் என்றேன். பிறகு, அப்படி ஒருவர்தான் போக வேண்டும் என்றால், அம்மாவா அப்பாவா என்று என் மனசு கேட்டது. அது கேட்ட வேகத்துக்கு நானும் பதில் சொல்லிவிட்டேன். சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டேன். என்னைச் சின்ன வயதில் தோளிலேயே சுமந்து திரிந்த மனுஷர். பண்டிகை நாளில், தலையில் சீயக்காய் நுரையோடு, அவரை நான் விட்டுக்கொடுத்துவிட்டேன்.

அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நடை பழகிய காலத்தில் இரண்டு அடிக்கு ஒருமுறை விழுவேனாம். அதனால் 'தத்தக்கா'. முப்பத்தாறு வயதிலும் தத்தக்காதான். நாலு வருஷம் முன்னால் அப்பாவுக்குப் பல்லெல்லாம் விழுந்தபோது அந்தப் பெயரும் விழுந்துபோயிற்று. மேல்பல் இல்லாத வாயில் 'த' வராது. நாக்குக்கு முட்ட இடம் வேண்டும். போனில் "அஅக்கா" என்று கூப்பிடுவார். கூப்பிட்டுவிட்டு அவருக்கே வெட்கமாகி, போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவார்.

என் வேலையே பல்செட் செய்வதுதான். இங்கே ஒரு பல் பட்டறையில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். மெழுகில் ஈறு வடித்து, பல் அடுக்கி, அச்சில் போட்டு, இளஞ்சிவப்பு மாவைக் காய்ச்சி, தேய்த்து, பளபளப்பாக்கி டாக்டர்களுக்கு அனுப்புவோம். யார் யாரோ மென்று தின்கிறார்கள். அப்பாவின் வாய் அச்சைத் தபாலில் வரவழைத்து, மேலாளரிடம் கெஞ்சி, வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து செய்தேன். ஊருக்கு எடுத்துக்கொண்டு போய் மூன்று நாள் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்தேன். "த சொல்லுங்கப்பா." சொல்வார். காற்று கசியும். கழட்டி, முன்பல்லின் பின்பக்கத்தைத் துளி தேய்ப்பேன். "இப்ப சொல்லுங்க." மூன்றாம் நாள் மத்தியானம் பளிச்சென்று வந்தது, "தத்தக்கா." அம்மா சமையலறையில் இருந்து கைதட்டினாள்.

குளித்துவிட்டு வந்தேன். தலை சொட்டச் சொட்ட, துடைத்து வைத்திருந்த விளக்கை, போட்ட திரியோடு எடுத்து அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். தையல் அக்கா எண்ணெய்ச் சட்டியை ஓரமாக நகர்த்திவிட்டு ஒரு டம்ளர் காப்பி கலந்து வைத்திருந்தார். பஸ்காரர் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"மத்தியானம் ஒரு விமானம் இருக்கு. ரெண்டு இடம் காலி." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "ரெண்டு போடட்டுமா, ஒண்ணு போடட்டுமா?"

தலையிலிருந்து சொட்டிய தண்ணீரைத் துண்டால் ஒற்றினேன்.

"தனியா எப்படிப் போவ இந்த நிலைமையில?"

"கூட வந்தா உங்கள யாருன்னு சொல்றதுங்க? சாவு வீட்டு வாசல்ல வெச்சு, இவர்தான் என் வீட்டுக்காரர்னா சொல்றது?"

கேட்ட பிறகுதான் எவ்வளவு கேவலமான கேள்வி என்று தெரிந்தது. அவர் முகத்தில் எதுவும் காட்டவில்லை. திரைப் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஒண்ணே போடறேன்" என்றார். தையல் அக்கா காப்பி டம்ளரை வெறுமனே துடைத்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம், மூன்று பேருக்கும் கை கால் வைக்க இடம் இல்லாத மாதிரி இருந்தது.

அப்போதுதான் மருந்துக்கடைக்காரர் நினைவுக்கு வந்தார். எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே அவர் கடை. அம்மாவின் மாத்திரைகளை மாதாமாதம் அவரிடம் போனில் சொல்லித்தான் வாங்கிக் கொடுக்கச் சொல்வேன். எந்தப் பண்டிகைக்கும் மத்தியானம் வரை கடையைத் திறந்துவைக்கிற ஆள். கல்லாவில் உட்கார்ந்தால் எங்கள் வாசல் தெரியும். பந்தல் போட்டிருந்தால் அவருக்குத் தெரியாமல் இருக்காது.

முதல் மணியிலேயே எடுத்தார்.

"அண்ணே, நான்தான். எதிர்வீட்டுப் பொண்ணு."

சத்தம் இல்லை.

"கேக்குதாண்ணே? பல்செட் பண்றேனே, வெளிநாட்டுல..."

போன் கீழே விழுகிற சத்தம் கேட்டது. பாட்டில் எதுவோ உருண்டது. தொடர்பு அறுந்துவிட்டது.

மறுபடி அழைத்தேன். நாலைந்து மணிக்குப் பிறகு எடுத்தார்.

"யாரும்மா நீங்க? நல்ல நாளும் அதுவுமா இப்படியா விளையாடுறது?"

"விளையாடலண்ணே, சத்தியமா நான்தான். வீட்டுல யாரும் போன் எடுக்கல. எங்க வாசல்ல கூட்டமா இருக்கா? பந்தல் போட்டிருக்காங்களா?"

"பந்தல் இல்ல." ஒவ்வொரு சொல்லாக வந்தது. "நீ... நீதானா பேசுற?"

"அண்ணே, எங்கம்மாவுக்கு என்ன ஆச்சு? மறைக்காம சொல்லுங்க. என்னால தாங்க முடியும்."

"அம்மாவுக்கு என்ன? காலைலகூட வாசல் தெளிச்சாங்க. கோலம்தான் போடல."

தையல் அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொடுத்தார். குளியலறையில் பேசிய பேரம் ஞாபகம் வந்தது. கேட்டது கிடைத்துவிட்டதே என்று பதறினேன்.

"அப்ப அப்பாவா?"

"அப்பா அதோ வாசல் திண்டுல உக்காந்திருக்காரு."

"அண்ணன்? அண்ணி? பிள்ளைங்க?"

"எல்லாரும் இருக்காங்கம்மா."

"அப்ப பெரியப்பாவா? ஏண்ணே இழுக்கறீங்க? யாருதாண்ணே செத்தது?"

ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

"நீதாம்மா."

கைப்பேசி ஒலிபெருக்கியில் இருந்தது. பஸ்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

மருந்துக்கடைக்காரர் அதன்பின் கொட்டித் தீர்த்துவிட்டார். மூன்று நாளைக்கு முன்னால், கடை திறந்த கையோடு அப்பா வந்தாராம். விடிகாலைக் குளிர். தலையெல்லாம் ஈரம், வேட்டி சொட்டச் சொட்ட. சளிக்குத் தைலம் கேட்டாராம். "என்ன சார், இந்தக் குளிர்ல இப்படி நனைஞ்சு வந்திருக்கீங்கன்னு கேட்டேம்மா. பொண்ணு போயிட்டாப்பா, தலை முழுகிட்டேன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. நான் வேற என்னன்னு நெனைப்பேன்? உள்ள அம்மா அழற சத்தம் வேற. கடைய மூடினேன். தெருவுல நாலு பேருக்குச் சொன்னேன். மாலை வாங்கிட்டுப் போனோம். உங்கப்பா மாலைய வாங்கி ஓரமா வெச்சாரு, ஒண்ணும் சொல்லல. அங்கேயே எரிச்சுட்டாங்க போலன்னு நாங்களே முடிவு பண்ணிக்கிட்டோம்."

அண்ணியின் சத்தியம் எத்தனை நாள் தாங்கியது என்று எண்ணிப்பார்த்தேன். முப்பத்தேழு நாள். அண்ணி அளவில் அது சாதனைதான்.

ஆக அப்பா என்னைத் தலைமுழுகிவிட்டார். பேச்சுக்குச் சொல்வார்களே, அப்படி இல்லை. கிணற்றடியில் நின்று தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டு, சளி பிடிக்கும் அளவுக்கு நிஜமாகவே முழுகியிருக்கிறார். முழுகினால் செத்தவள். செத்தால் வருஷத்துக்குப் பண்டிகை இல்லை. அப்பா முறை தவறாத ஆள். கணக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. செய்தியை அனுப்பும்போது, செத்தவளும் அந்தக் குழுவில்தான் இருக்கிறாள் என்பதை மட்டும் அண்ணன் மறந்துவிட்டான்.

சொந்தச் சாவுக்கு நானே தலைக்குக் குளித்திருக்கிறேன். பச்சைத் தண்ணீரில், சீயக்காய் போட்டு, குறை வைக்காமல்.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன்" என்றேன். எதற்குக் கேட்டேன் என்று இன்றும் தெரியாது. "தலை முழுகிட்டேன்னு சொன்னாரே, அந்தத் 'த' தெளிவாக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சேம்மா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. அது நான் போட்டுக் குடுத்தது."

சிரிக்கத்தான் நினைத்தேன். வேறு சத்தம் வந்தது. பஸ்காரர் என் தோளில் கை வைத்தார். அந்தக் கையில் வடை மாவு காய்ந்து ஒட்டியிருந்தது.

திடீரென்று மருந்துக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "இரும்மா, இரு. உங்கம்மா கடைக்கு வர்றாங்க. அப்பா அங்க இருந்தே பாத்துட்டிருக்காரு." பிறகு அவர் தெருவுக்கே கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்: "என்னம்மா வேணும்? பல்லு ஒட்டுற பசையா? அந்தப் பல்செட் கம்பெனிக்காரங்களே லைன்ல இருக்காங்க. நீங்களே கேட்டுக்குங்க."

கை மாறுகிற சத்தம். அம்மாவின் மூச்சை எனக்குத் தெரியும். படியேறினால் கொஞ்சம் வாங்கும்.

"அம்மா" என்றேன்.

மூச்சு நின்றது. விழுந்துவிடுவாளோ என்று பயந்தேன். ஆனால் முப்பத்தொன்பது வருஷம் அப்பாவோடு குடித்தனம் நடத்தியவள் என் அம்மா.

"ஆமாங்க" என்றாள். குரல் பிசிறவில்லை. "எங்க வீட்டுக்காரருக்குத்தாங்க. பல்லு ஆடுது. மூணு நாளா சரியா சாப்பிடல, கன்னம் ஒட்டிப்போச்சு. அதான் ஆடுது."

"நீ நல்லா இருக்கியாம்மா? மாத்திரை போடறியா?"

"அதெல்லாம் வேளாவேளைக்கு ஆகுதுங்க."

"அழுதியா?"

"நாள்பட்ட வலிங்க. இருக்கத்தானே செய்யும்."

"அம்மா, பண்டிகை அன்னிக்கு நானே சொல்லணும்னுதான் இருந்தேன். மறைக்கணும்னு இல்லம்மா."

"தெரியுதுங்க. நீங்க செஞ்சது சரியாத்தான் இருக்கும். இங்க எங்க வாய்தான் சரியில்ல." ஒரு நொடி நிறுத்தினாள். "அங்க உங்ககூட இருக்கற ஆளு... நல்ல ஆளுங்களா?"

பஸ்காரர் எனக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணும் நிறைந்திருந்தது.

"நல்ல ஆளும்மா. வடை தட்டறாரு."

"வடை தட்டறாரா?" அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டாள். "உப்பு பாத்துப் போடச் சொல்லுங்க."

"அப்பா என்ன சொன்னாரும்மா? என் பேச்சே எடுக்கலையா?"

தெருவில் ஒரு வண்டி போகிற சத்தம் கேட்டது.

"பையன் சொன்னான்ங்க, இந்தப் பல்லக் கழட்டிக் குப்பையில போடுங்க, வேற கட்டிக்கலாம்னு. கேக்க மாட்டேங்கறாருங்க. அன்னிலேருந்து ராத்திரி படுக்கறப்பகூடக் கழட்டறதில்ல. கழட்டி வெச்சா யாராவது எடுத்துட்டுப் போயிடுவாங்கன்னு பயம் போல. வாய மூடிக்கிட்டே தூங்குறாரு."

பதிலுக்கு என் வேலைதான் பேசிற்று.

"ராத்திரி கழட்டணும்மா. இல்லன்னா ஈறு புண்ணாயிடும். கழுவித் தண்ணியில போட்டு வெக்கணும். பசை கொஞ்சமா வெச்சாப் போதும்."

"சொன்னாக் கேக்கணுமேங்க."

பின்னால் மருந்துக்கடைக்காரர் அவசரமாகக் கிசுகிசுத்தார்: "வர்றாரு, வர்றாரு. தெருவத் தாண்டிட்டாரு."

அம்மா வேகமாகச் சொன்னாள். "உங்க வீட்டுல பண்டிகைதானேங்க? எங்க வீட்டுல இந்த வருஷம் இல்ல. எங்களப் பாத்துட்டு நிக்காதீங்க. எண்ணெய் தேச்சுக் குளிச்சு, விளக்கேத்தி, வயிறாரச் சாப்பிடுங்க. ரெண்டு பேரும்."

"யாரு போன்ல?" அப்பாவின் குரல், பக்கத்தில்.

அம்மா சொன்னாள், "பல்செட் கம்பெனி."

அந்தப் பல்செட்டுக்குக் கம்பெனி கிடையாது என்று அப்பாவுக்குத் தெரியும். மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து வாயைக் காட்டியவர் அவர். நான் கைப்பேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிடுங்கி எறிவாரா, கத்துவாரா, இல்லை வாங்கி ஒரு வார்த்தை பேசுவாரா? தையல் அக்கா இங்கே நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"ராத்திரி கழட்டி வைக்கணுமாம். இல்லன்னா ஈறு புண்ணாகுமாம்."

பிறகு, அம்மாவிடம் பேசுகிற தூரத்துக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

"அதெல்லாம் கழட்ட முடியாதுன்னு சொல்லு."

இரண்டு இடத்தில் 'த' வந்தது. இரண்டிலும் லேசாகக் காற்று கசிந்தது. ஆள் இளைத்திருக்கிறார்.

"கேட்டுச்சுங்களா?" என்றாள் அம்மா.

"கேட்டுச்சும்மா" என்றேன். போனை வைத்துவிட்டாள்.

தையல் அக்கா வெளியே போய்ப் பாயசத் தூக்கை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். பஸ்காரர் விமானப் பக்கத்தை மூடிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தார். நான் அலமாரியைத் திறந்து விளக்கை எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். எண்ணெய்க் கிண்ணத்தில் பாதிக்கு மேல் மீதி இருந்தது. ஈரத் தலையிலேயே உச்சியில் ஊற்றி, சூடு பறக்கத் தேய்க்க ஆரம்பித்தேன்.

"இப்பதானே தலைக்குக் குளிச்ச?" என்றார் பஸ்காரர். "மறுபடியுமா?"

"அது செத்ததுக்குங்க. இது பண்டிகைக்கு" என்றேன்.